பால் உறைய எத்தனை டின்

எட்டாங்கட்டைத் தோட்டத்தில் கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்கள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பஞ்சாலை என்ற பெண்தான் அந்தத் தோட்டத்திலேயே நேரத்தைச் சரியாக அளந்தவர். கடிகாரம் பார்க்கத் தெரிந்த எங்களில் அப்படி ஒருவரும் இல்லை. பணிவுக்காக இதைச் சொல்லவில்லை. பணிவுக்கும் எனக்கும் ஆகாது என்பதை என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

போன மாசி மாதம் ராசா என்ற ஊரில் மகன் வீட்டில் அவர் காலமானார். எண்பதைத் தாண்டிய வயது. பத்திரிகையில் படம் போட்டு, கீழே பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கணேசமூர்த்தி. மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், சிரம்பானுக்குப் பக்கத்தில் லாபுவுக்கு உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், பால் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், கொண்டுவரும் பாலை நிறுத்து எழுதுவது என் வேலை. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ், ரசாயனத்தில் கிரெடிட். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தேன். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை பார்க்க வேண்டும் என்பதற்காக மாட்டியது. அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

பஞ்சாலையும் ஒரு காலத்தில் மரம் வெட்டியவர்தான். மலைச்சரிவில், இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்போடு விழுந்து இடது கால் நொடித்துப் போனதால் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். முதலில் பாலை உறையவைக்கும் தட்டுகளைக் கழுவினார். ஆசிட் கலக்குகிறவர் கையைச் சுட்டுக்கொண்டு வேலையை விட்டதும், வேறு ஆள் கிடைக்கும்வரை என்று அந்த வேலையைப் பஞ்சாலையிடம் கொடுத்தார்கள். வேறு ஆளை யாரும் தேடவில்லை. அன்றைக்கு நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். எழுத்திலாவது மரியாதை கொடுக்கிறேன்.

ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் அது தயிர் மாதிரி உறையும். உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைபோட வேண்டும். அவசரகாலத்துக்கு முன்பு இதில் அவசரமே இல்லை. மத்தியானம் ஆசிட் விட்டுவிட்டுப் போனால் ராத்திரி முழுக்க உறையட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. காலை ஆறு மணிக்குக் கேட் திறந்தால் மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் எல்லோரும் வேலிக்குள் இருக்க வேண்டும். ஸ்டோரோ வேலிக்கு வெளியே. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ ராத்திரியில் புகுந்து, தட்டுத் தட்டாக உறைந்திருந்த பாலில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள். உடனே எங்கள் துரை உத்தரவு போட்டார்: ஒரு தட்டுப் பால்கூட ராத்திரி தங்கக் கூடாது, அன்றைய பால் அன்றே ஷீட்டாக வேண்டும்.

உத்தரவு போடுவது சுலபம். ஆசிட் குறைந்தால் பால் உறையாமல் சாயங்காலம்வரை கொழகொழவென்று கிடக்கும். கூடினால் கட்டி கல்லாகி உருளையில் ஏறாது; ஏறினாலும் அந்த ஷீட் புகைவீட்டில் காயாமல் பிசுபிசுக்கும். நான் என் பழைய ரசாயனப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஒரு வாரம் நான் சொன்ன அளவில் கலந்தோம். ஒரு வாரமும் ஷீட் நாசம்.

அதற்குப் பிறகு பஞ்சாலை என்னைக் கேட்கவில்லை. அவராகவே அளக்க ஆரம்பித்தார்.

அளப்பதற்கு அவரிடம் இருந்தது ஒரு பால் டின். அந்த நாளில் கடையில் டின்னில் அடைத்த பாலை விற்கும்போது கடைக்காரரே ஆணியால் ஓர் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம். ஓட்டை விழுந்த டின் சீக்கிரம் கெட்டுப்போகும், காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க முடியாது என்று கணக்கு. பஞ்சாலை வீட்டு டின் காலியானதும் அதன் மறுபக்கத்தை வெட்டி எடுத்துக் கழுவினார். கவிழாமல் இருக்க உள்ளே ஒரு கூழாங்கல்லைப் போட்டு, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டார். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, டின் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் முழுகியது. அதை எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடியும் மிதக்கவிட்டார். அது முழுகும் நேரத்துக்குப் பெயர் ஒரு டின்.

"ஆபீஸ்லதான் கடியாரம் மாட்டியிருக்கே, பஞ்சாலை?" என்று நான் கேலி செய்தேன்.

"அதுல ரெண்டு முள்ளும் ஒண்ணையொண்ணு தொரத்திக்கிட்டே கெடக்கு, கிராணி ஐயா. இது ஒண்ணே ஒண்ணு. முழுகுச்சின்னா முழுகுச்சி."

பால் உறைந்ததா என்று பார்க்க ஒரு தீக்குச்சி. ஆசிட் விட்ட பாலில் குச்சியைச் செங்குத்தாகக் குத்துவார். சாய்ந்தால் இன்னும் ஆகவில்லை. நின்றால் ஆயிற்று. எத்தனை டின்னில் குச்சி நின்றது என்று ஸ்டோர் சுவரில் கரியால் கோடு போடுவார். எத்தனை கரண்டி ஆசிட், வெயிலா மழையா, பால் கெட்டியா தண்ணியா, எல்லாவற்றுக்கும் அவரே ஒரு குறி வைத்திருந்தார். சூரியன் போட்டால் வெயில், மூன்று சொட்டு போட்டால் மழை. நாலு மாதத்தில் ஒரு சுவர் கறுத்துப்போனது. சுவரை அசிங்கம் செய்கிறாள் என்று சுண்ணாம்பு அடிக்கச் சொல்ல இருந்தேன். நல்லவேளை, சோம்பேறித்தனம் தடுத்தது.

ஏனென்றால் ஐந்தாம் மாதத்திலிருந்து ஒரு ஷீட்கூடக் கெடவில்லை. பால் வந்ததும் விரலைவிட்டுப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், "இன்னைக்கு இருபத்திரெண்டு டின்னு" என்பார். இருபத்திரண்டாவது டின் முழுகும்போது குச்சி நிற்கும். ஆசிட்டை இரண்டு மடங்கு போட்டால் நேரம் பாதியாகாது என்றும், சூட்டைக் கூட்டினால் அதைவிட வேகமாக ஓடும் என்றும் எனக்குச் சொன்னவர் அவர். புத்தகத்திலும் அதுதான் இருந்தது. நான்தான் படித்துவிட்டுப் புரிந்துகொள்ளாமல் கிரெடிட் வாங்கியிருக்கிறேன்.

இப்போது முத்தாயி விஷயத்துக்கு வருகிறேன்.

முத்தாயி இருபத்தைந்து வயதுப் பெண், புருஷன் இல்லாதவள். இரண்டு பெண் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவாள். அவளுக்குக் கொடுத்திருந்த மர நிரைகள் காட்டு ஓரம். ஆயுத பூஜைக்கு மறுநாள், பத்து மணிக்கு மரங்களிலிருந்து எடுத்த பாலை எல்லோரும் பதினொன்றரை மணிக்குக் கொண்டுவந்தபோது அவளும் வந்தாள். வாளியைச் சாய்த்தால் பால் ஊற்றவில்லை. மொத்தமாக உறைந்து, வாளி உருவத்தில் ஒரே கட்டியாகத் தொப்பென்று விழுந்தது.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாயாண்டிக்கு முகம் வெளுத்தது. கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பார்வையில் இருக்கிற நிரையில் ஏதாவது நடந்தால் முதலில் அவர் தலைதான் உருளும்.

"பத்து மணிக்கு எடுத்த பாலு பதினொன்னரைக்குள்ள இப்படி ஒறையுமா?" என்று கத்தினார். "எட்டரைக்கே எடுத்துட்டு எங்கடி போயிருந்தே?"

சத்தம் கேட்டு, கேட் பக்கம் சோதனைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஸ்டோருக்கு வந்தார். சிரம்பானிலிருந்து வந்த மலாய்க்காரர், கத்தாத மனிதர். கத்தாத போலீஸ்காரரிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது எங்கள் அனுபவம். கட்டியைப் புரட்டிப் பார்த்தார். அடியில் பழுப்பாகக் கறை. அதில் இரண்டு மூன்று நார். எடுத்து மோந்தார். புளி.

அவ்வளவுதான், அவர் மனதில் கதை முடிந்துவிட்டது. வாளிக்குள் புளிச்சோற்றை ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறாள், பாலைச் சீக்கிரமே எடுத்து வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்திருக்கிறாள், திரும்பி வருவதற்குள் பால் உறைந்துவிட்டது. முத்தாயி அழுதுகொண்டே, "வாளி வெளக்குன புளிங்க தொரை, வெளக்குன புளி" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் படித்தவர். ஆசிட் விடாமல் பால் தானாக உறைய எவ்வளவு நேரமாகும்?"

துரையே கேட்டதுபோல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "மூன்று மணி நேரத்துக்குக் குறையாது" என்றேன். எழுதித் தரச் சொன்னார். இங்கிலீஷில், அழகான கையெழுத்தில், எழுதிக் கொடுத்தேன். தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை தன் வாயால் அடுத்தவளைக் கெடுத்தது.

அந்த அவசரகாலச் சட்டத்தில் வழக்கும் கிடையாது, வக்கீலும் கிடையாது. லாரியில் ஏற்றினால் ஏற்றினதுதான். இரண்டு வருஷம் உள்ளே வைக்கலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பலாம். முத்தாயி பிறந்ததே லாபுவில். அவளைக் கேட் அருகே காவல் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். சிரம்பான் லாரி நாலு மணிக்கு.

நான் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பஞ்சாலை அந்தக் கட்டியின் பக்கத்தில் குந்தியிருந்தார். நகத்தால் அடியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு மேலே கிள்ளி வைத்துப் பார்த்தார். எழுந்து, நொண்டிக்கொண்டே காவல் கொட்டகைக்கு நடந்தார். என்ன விபரீதம் செய்யப்போகிறாளோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எம்புட்டு புளி போட்டே?" என்று கம்பிக்கு வெளியே நின்று கேட்டார்.

"பழைய புளிதான்க்கா. கறுத்துப்போயி கொழம்புக்கு ஆகாதது. ஒரு கை உருண்ட" என்றாள் முத்தாயி. "நேத்து வேல முடிஞ்சு வந்து வாளி பூரா பூசுனேன். கழுவலாம்னு பாத்தா பைப்ப மூடிட்டாங்க. அப்படியே சாச்சுவிட்டுட்டு, வெளிய தொடச்சிப் பொட்டு வச்சி சாமிகிட்ட வச்சேன்."

"காலையில கழுவலியா?"

முத்தாயி அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "பூசையில வச்ச வாளிய யாராச்சும் கழுவுவாங்களாக்கா? வந்த லெச்சுமிய கழுவி விடுறதா?"

எங்கள் சனங்கள் யாரும் கழுவ மாட்டார்கள்தான். மற்ற வீடுகளில் சாம்பலும் மண்ணும் போட்டு விளக்கி, தண்ணீர் நிற்பதற்கு முன்பே அலசியிருந்தார்கள். வேலிக்குள் பைப்பைச் சீக்கிரம் மூடிய பிறகு விளக்கியவள் இவள் ஒருத்தி.

பஞ்சாலை நேராக இன்ஸ்பெக்டரிடம் போனார். அவருக்குத் தெரிந்த மலாய் பசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். "துவான், புளியும் ஒரு ஆசிட்" என்றார், மலாயில் ஐயா போட்டு. "பாலு எட்டரைக்கு எடுத்ததில்ல. பத்துக்குத்தான் எடுத்தா. நான் காட்டுறேன்."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. "பெராப்பா லாமா?" என்றார். எவ்வளவு நேரம்?

"பத்து டின்னுக்குள்ள" என்றார் பஞ்சாலை.

டின் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. இன்ஸ்பெக்டர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்டோருக்கு வந்து, டின்னை மிதக்கவிடச் சொல்லித் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டார். ஒன்பது நிமிஷம். மறுபடியும் விடச் சொன்னார். ஒன்பது நிமிஷம், மூன்று விநாடி. அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என் பதினைந்து ரிங்கிட் சுவர்க்கடிகாரம் அன்றைக்கு ஏழு நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை.

செய்த பாவத்துக்கு ஏதாவது உதவலாம் என்று தொட்டியிலிருந்து ஒரு வாளிப் பாலை மொண்டு வந்தேன். பஞ்சாலை மோந்து பார்த்துத் தள்ளிவிட்டார். "இதுல அமோனியா விட்டிருக்கு. ஒறையவிடாத மருந்து. இது பொய் சொல்லும். அவ நிரையிலேர்ந்து புதுப்பாலு வேணும்."

பஞ்சாலை மண்டோரின் பெயரைச் சொல்ல, இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு அவரைக் காட்டோரத்துக்கு அனுப்பினார். உச்சி வெயிலில் முணுமுணுத்துக்கொண்டே மாயாண்டி மரங்களை வெட்டி, நாலு மங்குப் பால் சேர்த்துக் கொண்டுவந்தார். மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் கிண்ணம். வெட்டினது மண்டோர் கை என்பதால், பாலைப் பற்றி அவர் வாய் திறக்க வழியில்லாமல் போனது. பஞ்சாலை அதற்காகத்தான் அவர் பெயரைச் சொன்னாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

முத்தாயி வீட்டில் மிச்சமிருந்த புளியில் பஞ்சாலை ஒரு கை உருண்டை எடுத்தார். அதைப் பாதியாகப் பிய்த்தார். "சாச்சுவிட்டப்போ பாதி போயிருக்கும். பாதிதான் வாளியில நின்னிருக்கும்" என்றார். அவள் வாளிக்கு முப்பது மங்குப் பால் பிடிக்கும். அதனால் அந்தப் பாதியை முப்பது கரண்டித் தண்ணீரில் கரைத்தார். ஒரு மங்குப் பாலுக்கு ஒரு கரண்டி. இரண்டு மங்கில் புளித்தண்ணீர், இரண்டில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை வெயிலில் வைத்தார், ஒன்றை நிழலில் வைத்தார். முத்தாயி வெயிலிலே வாளியோடு நடந்து வந்தாளே, அதற்காக. டின்னை மிதக்கவிட்டார். இன்ஸ்பெக்டரின் கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

முதல் டின். இரண்டாவது. மூன்றாவது. நாலு குச்சியும் குத்தக் குத்தச் சாய்ந்தன. மாயாண்டி பீடி பற்றவைத்துக்கொண்டார். நாலாவது. ஐந்தாவது. வெயிலில் இருந்த புளிப்பாலில் குச்சி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சாய்ந்தது. மூன்று மணி ஆகிவிட்டது. கேட் பக்கம் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது.

பஞ்சாலையின் காதருகே குனிந்தேன். "இன்னொரு கரண்டி புளித்தண்ணிய விட்ரு. நான் இன்ஸ்பெக்டர்கிட்ட பேச்சுக் கொடுக்கிறேன். அவர் பாக்க மாட்டார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"விட்டா ஒறையும். எனக்குத் தெரியாதா? ஆனா அது முத்தாயி வாளி இல்ல, கிராணி ஐயா. நான் கலக்குன வாளி. அவள நெசத்தால வெளிய கொண்டாரணும். பொய்யால கொண்டாந்தா நாளைக்கு மறுபடியும் புடிப்பாங்க."

இதைச் சொன்னவர் படிக்காதவர், கேட்டுக்கொண்டு நின்றவன் ரசாயனத்தில் கிரெடிட். ஒரு பெண்ணின் வாழ்க்கை தண்ணீரில் மிதக்கிற தகர டின்னில் இருக்கிறது, கையருகே புளித்தண்ணீர் இருக்கிறது, தொடவில்லை. அந்தப் பெண்மணியை அப்போதுதான் நான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன்.

ஆறாவது டின் முழுகியது. குச்சி சாய்ந்தது, ஆனால் மெதுவாக. ஏழாவது டின் மிதந்துகொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து மங்கின் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார். டின் முழுகியது. பஞ்சாலை குச்சியைக் குத்திவிட்டுக் கையை எடுத்தார். குச்சி நின்றது.

இன்ஸ்பெக்டர் மங்கைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. விரலால் அழுத்தினார். "சுடா கெராஸ்" என்றார் மெதுவாக. கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். மணி மூன்று பதினெட்டு. ஒரு மணி நேரமும் கொஞ்சமும். நிழலில் இருந்த புளிப்பால் இன்னும் தயிராகக் குழைந்தது. புளி விடாத இரண்டு மங்கும் வெயிலிலும் நிழலிலும் அப்படியே பாலாக ஓடின.

பஞ்சாலை விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: "பத்து மணிக்கு எடுத்தா. பதினொன்னரைக்கு இங்க வந்தா. அது பத்து டின்னு. இது ஏழு டின்னுலயே ஒறைஞ்சுபோச்சு. காட்டுக்குப் போயிட்டு வர அவளுக்கு ஏது துவான் நேரம்? அப்புறம், புளிச்சோறுன்னீங்க. சோறு இருந்தா ஒரு பருக்கையாச்சும் ஒட்டியிருக்கணும்லா. வேணும்னா கட்டிய அறுத்துப் பாருங்க."

அறுத்துப் பார்த்தார்கள். நாரும், ஒரு புளியங்கொட்டைத் தோலும் இருந்தன. பருக்கை இல்லை. எந்தப் புளியை வைத்து முத்தாயியைப் பிடித்தாரோ, அதே புளியை வைத்து இன்ஸ்பெக்டர் அவளை விட வேண்டியதாயிற்று. விடவும் செய்தார். ஒத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர். அதற்கு அவரையும் மெச்சத்தான் வேண்டும்.

முத்தாயி ஆயாக் கொட்டகைக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது. லாரி வெறுமையாகச் சிரம்பானுக்குப் போனது. போவதற்கு முன்பு இன்ஸ்பெக்டர் நான் எழுதிக் கொடுத்த தாளை என் முன்னால் வைத்தார். மூன்று மணி நேரம் என்ற வரியை நான் அடித்துவிட்டு ஏழு டின் என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்டோரில் அன்றைய தட்டுகள் எல்லாம் உறைந்து காத்திருந்தன. கேட் மூடுவதற்குள் அத்தனையையும் உருளையில் கொடுக்க வேண்டும். பஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் தட்டைத் தூக்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் மறுபக்கம் பிடித்தேன்.

"நல்ல வேள நீ இருந்தே, பஞ்சாலை" என்றேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

அவர் கட்டியை உருளைக்குள் தள்ளிக்கொண்டே கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"காலையில அவரு ஒங்களக் கேட்டப்போ நான் பத்தடி தள்ளித்தானே நின்னேன், கிராணி ஐயா. எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடி என்னை ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த தட்டைத் தூக்கினேன்.